மண்டையில ஏறுன மச்சு

ஏல, நாலு பேரும் ஒருவாட்டி அண்ணாந்து மேல பாருங்க பாப்போம். கேக்குதா, கழுத்துல கடகடன்னு சத்தம். கடைசியா நீங்க அண்ணாந்தது எப்பன்னு எனக்குத் தெரியும், பாட்டில்ல மிச்சமிருந்த சொட்டு நாக்குல விழுறதுக்கு. அதுக்கப்புறம் போனுதான், குனிஞ்ச தலை நிமிரல, பொண்ணு பாக்க வந்த எடத்துல உக்காந்திருக்க புள்ளகூட இம்புட்டு அடக்கமா இருக்காது. உங்ககிட்ட போயி ஒரு மச்சோட கதையச் சொல்லணும்னு எனக்கு எழுதியிருக்கு. மச்சுன்னா என்னான்னு முழிக்காத மாப்ள, பழைய வீட்டுல தலைக்கு மேல உத்திரத்தக் குறுக்கப் போட்டு, அதுமேல பலகையப் பரப்பி மூடியிருப்பாகள்ல, அதுதான் மச்சு. குறுக்க பேசாமக் கேளுங்க, திட்டுறதுன்னா முடிச்சப்புறம் திட்டுங்க.

நம்ம கோயில்பட்டி மேட்டுத் தெருவுல, பேருதான் மேட்டுத் தெரு, அங்க பள்ளத்துல கெடக்குற ஒரே வீடு செண்பகம் மதினி வீடு. கட்டுன காலத்துல ரோட்டுல இருந்து மூணு படி ஏறி உள்ள போனாகளாம். ஒவ்வொரு எலெக்சனுக்கும் பழைய ரோட்டு மேலயே புது ரோட்டப் போட்டு, அதுமேல இன்னொரு ரோட்டப் போட்டு, ரோடு ஏறிக்கிட்டே வர, படி ஒண்ணொண்ணா முழுகி, இப்ப ரெண்டு படி எறங்கித்தான் உள்ள போகணும். எறங்குன ஒடனே குனியணும். குனிஞ்சா திரும்பி வெளிய வர்ற வரைக்கும் நிமிர முடியாது, ஏன்னா மச்சு அஞ்சே அடி.

அந்த வீட்டுக்காரரு பூவலிங்கம், தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு, பொறந்ததுல இருந்து அந்த மச்சுக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சு, வெளிய வந்தாலும் நிமிரத் தெரியாம ரோட்டுலயும் குனிஞ்சே போவாரு, ஆபீஸ்லயும் குனிஞ்சே நிப்பாரு. அதப் பாத்து ஊரே 'பூவலிங்கம் மாதிரி பணிவான மனுசன் உண்டா'ன்னு பேசி, கல்யாண வீடுன்னா மொதப் பந்தி, கோயில்னா மொத விபூதி, கழுத்து வலிக்கு இம்புட்டு மரியாதை கெடச்ச ஒரே ஆளு அவருதான். அவரு பொண்டாட்டி செண்பகம் அப்படி இல்ல. அவ வெளாத்திகுளத்துல, பத்தடி ஒசரத்துல காத்தாடி சுத்துற வீட்டுல பொறந்தவ. கல்யாணம் முடிஞ்சு வலது கால எடுத்து வச்சு உள்ள எறங்குன நிமிசமே நெத்தியில வாங்குனா, அந்த வீக்கத்தோடதான் இன்னைக்கும் கல்யாண போட்டோல நிக்கா. அன்னையில இருந்து இருபத்தோரு வருசம் அவ அந்த மச்சத் திட்டாத நாள் கெடையாது, சோறு பொங்குறப்ப ஒரு தடவ, துணி மடிக்கிறப்ப ஒரு தடவ, தும்மல் வந்தா தனியா ஒரு தடவ.

அந்த வீட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரு உள்ள எறங்குனாலும் 'வாங்க'ன்னு சொல்றதுக்கு முன்னாடி 'தலை, தலை'ம்பாக, வந்தவுகளும் கும்பிடுறதுக்கு முன்னாடி குனிஞ்சுக்குவாக. வந்து வந்து போயி, தெருவுக்கே அது ஒட்டிக்கிருச்சு. கறிக்கடையில யாரோ ஒருத்தரு 'தலை என்ன வெல'ன்னு கேட்டதுக்கு, வரிசையில நின்ன மேட்டுத் தெருக்காரவுக மூணு பேரு சேந்தாப்புல குனிஞ்சாக.

இம்புட்டு வருசம் திட்டிக்கிட்டே காலத்த ஓட்டுன செண்பகம் திடீர்னு வீட்ட விக்கணும்னு நின்னதுக்குக் காரணம் அவ மக பிரதீபா. காலேஜ்ல ரெண்டாவது வருசம், அஞ்சடி பத்து அங்குலம், வெளாத்திகுளத்து ஒசரம். அந்தப் புள்ள அஞ்சடி வீட்டுக்குள்ள கொக்கி மாதிரி வளஞ்சு வளஞ்சு, பஸ் ஸ்டாண்டுலயும் கொக்கி மாதிரியே நின்னா. எலும்பு டாக்டரு படத்த வெளக்குக்கு நேராப் புடிச்சுப் பாத்துட்டு, "இன்னும் ஒரு வருசம் இப்படியே போனா முதுகு இப்படியே நின்னுரும், அப்புறம் நானும் நிமித்த முடியாது, சாமியும் நிமித்தாது"ன்னுட்டாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் செண்பகம் சொன்னா, "வித்துருவோம்."

"இது எங்க அப்பா வீடு"ன்னாரு பூவலிங்கம், தரையப் பாத்து.

"உங்க அப்பா கட்டுனது வீடா, கோழிக்கூடா? ஒம்ம கழுத்து போச்சு, என் கழுத்து போச்சு. புள்ள கழுத்தாவது மிஞ்சட்டும்."

வாங்க வந்தவரு சுபேதார் தவசிப்பெருமாள் அண்ணாச்சி, பட்டாளத்துல இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு ஆறடி ரெண்டங்குலம், ரெண்டு பயலுக ஆறடி நாலங்குலம், மூணு பேரும் சேந்து நின்னா தெருவுல ஒரு நிழல் விழும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், தண்ணிக்குக் கொறவில்ல, வீடு அவருக்குப் புடிச்சுப் போச்சு. ஆனா உள்ள எறங்கி, முட்டுக்கால் போட்டு ஒரு சுத்து சுத்திட்டு வெளிய வந்து மூச்சு வாங்குனாரு. "வீடு நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா நாங்க குடியிருக்கணும், தவழ முடியாது. இப்ப ஆடி, யாரும் கிரயம் பேச மாட்டாக. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வாரேன். அதுக்குள்ள மச்ச ஒசத்தி வைங்க, நிமிந்து நின்னு வெத்தல பாக்கு மாத்திக்குவோம்."

மறுநாளே செண்பகம் கொத்தனாரு சேவுகன வரச் சொன்னா. அவரு டேப்ப இழுத்தாரு, உச்சுக் கொட்டுனாரு, திரும்ப இழுத்தாரு.

"ரெண்டடியாவது ஏத்தணும் மதினி."

"ஏத்துங்க."

"எப்படி ஏத்த? மச்சுக்கு மேல இருக்க பாகம் அண்ணாச்சியோட பங்காளிகளுக்கு, அதுவும் கேசுல கெடக்கு. ஒரு பலகையத் தொட்டாலும் போலீஸ் வரும்."

"அப்ப தரையத் தோண்டுங்க."

"தோண்டலாம். மழ பேஞ்சா தெருச் சாக்கடை பூராம் உங்க அடுப்படியில வந்து விருந்து சாப்பிடும்."

"அப்ப எதுக்குவே வந்தீரு?"

"வெள்ளையடிச்சு விட்டா ஒசரமாத் தெரியும் மதினி. கட்டிலு, பீரோ எல்லாத்தையும் தூக்கிட்டுக் குட்டையா நாலு ஸ்டூலப் போடுங்க, பாக்கவன் கண்ணு ஏமாந்துரும்."

"கண்ணு ஏமாறும், மண்டை ஏமாறுமா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் சேவுகன் வெடுக்குன்னு நிமிந்தாரு. டங்குன்னு உத்திரத்துல உச்சந்தலை. ஆத்தாடின்னு உக்காந்து, கொஞ்சம் தண்ணி குடிச்சு, திரும்ப டேப்ப இழுத்தா, அஞ்சடிக்கு மேல ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம். டேப்பு இழுபடுதுன்னு சொன்னாரு. இன்னொரு டேப்பக் கொண்டாந்தாரு, அதுலயும் ஒரு விரக்கடை. செண்பகம் அண்ணாந்து பாத்தா, உத்திரத்துல ஒரு கீறல் இல்ல, பலகையில ஒரு தூசி உதிரல, மேல பங்காளிக போட்டு வச்சிருக்க மூட்டை உருளுற சத்தம்கூட கேக்கல. மச்சு ஏறியிருக்கு, அவ்வளவுதான். அவ ஆச்சரியப்படல, இருபத்தோரு வருசமாத் திட்டுனதுக்கு இம்புட்டாவது செய்யலன்னா எப்படின்னுதான் அவளுக்கு இருந்துச்சு. "சரி, நாளைக்கு யாரு வாரா?"ன்னு கேட்டா.

கேஸ் சிலிண்டர்காரன் வந்தான், எறங்குனான், இடிச்சான், ஒரு விரக்கடை ஏறுச்சு. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த மாப்ள வீட்டாரு ஜோடியா எறங்குனாக, ஜோடியா இடிச்சாக, ரெண்டு விரக்கடை ஏறுச்சு. இன்சூரன்ஸ் ஏஜெண்டு எறங்கும்போது ஒண்ணு, எந்திரிக்கும்போது ஒண்ணு. 'நெத்தியில கண்டம் இருக்கு'ன்னு செண்பகத்துக்குக் கை பாத்துச் சொல்லிக்கிட்டே எந்திரிச்ச சோசியரு தன் நெத்தியில வாங்குனாரு, அதுக்கும் ஒரு விரக்கடை. செண்பகம் எல்லாருக்கும் தைலமும் காபியும் குடுத்தா, போறப்ப 'அடிக்கடி வாங்க'ன்னு சொன்னா, வந்தவுக அதத் தப்பா எடுத்துக்கல.

விசயம் தெருவுக்குத் தெரிஞ்சதும் தெருவே உதவிக்கு வந்து நின்னுச்சு, அங்கதான் புடிச்சது சனி. ஆம்பளைக வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வரிசையா வந்து ஆட்டுக் கெடா மாதிரி முட்டுனாக, பொம்பளைக கொண்டைய அவுத்துட்டு முட்டுனாக, பூவலிங்கம் கண்ண மூடிக்கிட்டு இருவது தடவ முட்டுனாரு, மச்சு ஒரு மயிரிழை அசையல. தெரிஞ்சு இடிச்சா ஏறாது, தெரியாம இடிக்கணும். தெருவுல தெரியாதவுகன்னு ஒருத்தரும் மிச்சம் இல்ல. வெளியூர்ல இருந்து யாராவது வந்து படியில கால வச்சா, தெருவே சன்னல்ல நின்னு எச்சில முழுங்கிக்கிட்டு காத்திருக்கும், காலு எறங்கும், மண்டை வரும், இந்தா இந்தான்னு இருக்கும்போது பூவலிங்கம் வாய் தன்னால தொறந்து "தலை, தலை"ம்பாரு. வந்தவன் குனிஞ்சுருவான்.

"ஒம்ம வாயில பிளாஸ்திரி ஒட்டணும்வே"ம்பா செண்பகம்.

"வந்தவுகளுக்கு அடிபட்டா பாவமில்லையா?"

"ஒம்ம மக முதுகு பாவமில்லையா?"

அதவிடக் கொடுமை ஒண்ணு இருந்துச்சு. மச்சு ஏற மட்டும் இல்ல, எறங்கவும் செஞ்சுச்சு. இடிச்சா ஏறும், குனிஞ்சா எறங்கும். ஒருத்தர் குனிஞ்சா கண்ணுக்குத் தெரியாது, கூட்டமாக் குனிஞ்சாத்தான் தெரியும். அதக் கண்டுபுடிச்சது எப்படின்னா, ஊர்ல ஒசரமான பயலுக யாரு, ஹாக்கி ஆடுறவனுக, அவனுகளக் கூப்பிட்டு விருந்து வச்சா பதினோரு மண்டைன்னு செண்பகம் கணக்குப் போட்டா. ஹாக்கிக்காரனுக வெறுங்கையோட நடந்தாலும் மட்டையப் புடிச்ச மாதிரி குனிஞ்சுதான் நடப்பானுகன்னு அவளுக்குத் தெரியல. பதினோரு பேரும் குனிஞ்சே வந்து, குனிஞ்சே தின்னு, குனிஞ்சே போக, மச்சு மூணு விரக்கடை எறங்கிருச்சு. பிரியாணிப் பானையக் கழுவிக்கிட்டே செண்பகம் ஹாக்கியக் கண்டுபுடிச்சவன் குடும்பத்த ஒரு மணி நேரம் பேசுனா.

ஆனாலும் ஆடி முழுக்க விடாம வெளியூர்க்காரவுகள வரவழைச்சு, புருசன டீக்கடைப் பக்கம் அனுப்பி வச்சு, ஒத்தையும் ரெட்டையுமா ஏத்தி, மாசக் கடைசியில மச்சு ஆறடிக்கு வந்துருச்சு. இடிச்ச வெளியூர்க்காரவுக பாதிப் பேரு தெருக்காரவுகளுக்கு மச்சான், சம்பந்தின்னு சொந்தம், அதனால தெரு அத ஏத்துக்கிட்டதோட நிக்காம பங்குக்கு வந்துச்சு. 'இந்த ஒரு விரக்கடை எங்க மச்சான் மண்டை'ன்னு ஒருத்தி பெருமை பேசுவா, 'எங்க சம்பந்தி ரெண்டு விரக்கடை'ன்னு இன்னொருத்தி மல்லுக்கு நிப்பா. மேல இருக்க பங்காளிக, எங்க பாகத்துக்குள்ள ஒரு அடி அத்துமீறல்னு வக்கீல் நோட்டீஸ் விட்டாக, வக்கீலு நேர்ல வந்து பாத்து, இடிச்சு, நோட்டீஸ்ல இன்னொரு விரக்கடைய சேத்து எழுதிட்டுப் போனாரு. வீட்டுக்குள்ள நிமிந்து பழகுன பூவலிங்கம் ரோட்டுலயும் நிமிந்து போக, 'என்னா, அண்ணாச்சிக்குத் திமிரு வந்துருச்சு'ன்னு டீக்கடையில பேச்சு. ரெண்டாவது பந்தியில உக்கார வச்சுட்டாகன்னு அவரு ஒரு நாள் பூராம் சாப்பிடல. பிரதீபா மட்டும் ஆறடிக்குக் கீழயும் கொக்கியாவே நடந்தா. "நிமிருடி, எடம் இருக்கு"ன்னா, "பழகலம்மா"ம்பா.

ஆறடியோட நின்னு போச்சு. அதுக்கு மேல இடிக்க ஊர்ல மண்டை இல்ல. செண்பகத்துக்குத் தூக்கம் போச்சு. ஏன்னா இனி அந்த மச்சுல இடிக்கக்கூடிய மண்டை மூணே மூணு, அந்த மூணும் வாங்க வர்றவுக மண்டை. அவுக இடிச்சாத்தான் ஏறும், ஆனா இடிச்சா எவன் வாங்குவான்?

சேவுகன்தான் சொன்னாரு, "இடிக்கட்டும் மதினி. இடிச்ச ஒடனே மச்சு ஏறிருதுல்ல, அண்ணாந்து பாத்தா கைக்கு எட்டாது. எதுல இடிச்சோம்னு அவுகளே குழம்பிருவாக. ஒருத்தரும் 'தலை'ன்னு சொல்லாம இருந்தாப் போதும்."

செண்பகம் தெரு முழுக்க வீடு வீடாப் போயி அந்த ஒரு சொல்ல மட்டும் சொல்லிராதீகன்னு கேட்டுக்கிட்டா. கேட்டுக்கிட்டதோட வெனை, என்னதான் நடக்குன்னு பாக்கத் தெருவே ஆவணி மொத முகூர்த்தத்தன்னைக்குக் காலையில குளிச்சு முழுகி அவ வீட்டுக்குள்ள வந்து செவுத்தோரமா நின்னுருச்சு. என்னையும் சேத்து முப்பது நாப்பது பேரு. பூவலிங்கம் வாயில அவரே துண்டத் திணிச்சுக்கிட்டாரு.

சுபேதாரு பயலுக மொதல்ல எறங்குனானுக. பெரியவன், டங். மச்சு ஏறுச்சு. அவன் மண்டையத் தடவிக்கிட்டு அண்ணாந்து பாத்தான், ஒண்ணும் தெரியல. சின்னவன் எறங்குனான், டங். அவனும் பாத்தான். ரெண்டு எட்டு வச்சானுக, திரும்ப பெரியவன், திரும்ப சின்னவன், டங்கு டங்குன்னு மாத்தி மாத்தி, ஆறடி நாலங்குலமும் தாண்டி, கடைசியா துள்ளிப் பாத்தாக்கூட இடிக்கல. பின்னாடியே வந்த சுபேதாரு எதுலயும் படாம நடு வீட்டுல வந்து நின்னு, கைய மேல நீட்டிப் பாத்தாரு.

"என்னல, ரெண்டு பேரும் சும்மா நிக்கிற எடத்துல மண்டையத் தடவுறீக?"

"இடிச்சுச்சுப்பா."

"எதுல?"

அவன் திரும்ப அண்ணாந்து பாத்தான். தெரு மூச்சு விடல.

"நல்லா எடுத்துக் கட்டியிருக்கீக தங்கச்சி"ன்னாரு சுபேதாரு. "வெத்தலத் தட்ட எடுங்க."

செண்பகம் தட்ட எடுத்தா. இருபத்தோரு வருசத்துல மொத தடவையா அந்த வீட்டுக்குள்ள அவ வாயில ஒரு வசவும் இல்ல. அடுப்படியில இருந்து பிரதீபா, தட்டு நெறய டம்ளரு, டம்ளரு நெறய காபி, கண்ணு காபி மேலயே இருக்க, சொட்டு சிந்தாம சுபேதாரு பக்கத்துல வந்துக்கிட்டிருந்தா. சுபேதாரு ரெண்டு கையையும் நீட்டுனாரு.

அப்பத்தான் கூட்டத்துக்குள்ள இருந்து ஒரு சத்தம், "தலை, தலை."

முப்பது நாப்பது பேரும் சேந்தாப்புல குனிஞ்சாக. சேவுகன் குனிஞ்சாரு, துண்டோட பூவலிங்கம் குனிஞ்சாரு, என்னான்னு தெரியாட்டாலும் பட்டாளத்துல பழகுன சுபேதாரு தரையோட தரையாப் படுத்தாரு, பயலுக அவரு மேல படுத்தானுக. செண்பகமும் குனிஞ்சா. குனியக் கூடாதுன்னு ஒரு மாசம் ஊருக்கே சொன்னவ, வெத்தலத் தட்டோட குனிஞ்சா. மச்சு சத்தமே இல்லாம எறங்குச்சு, ஆறடி போச்சு, அஞ்சடி போச்சு, இடுப்புக்கு வந்து நின்னுச்சு. குத்த வச்ச மேனிக்கு எல்லாரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தாக.

குனியாதது ஒருத்திதான். பிரதீபா கையில காபித் தட்டு, குனிஞ்சா எல்லாம் சுபேதாரு முதுகுலதான் கொட்டும். அவ நின்னா. மச்சு எறங்கி வந்து அவ உச்சந்தலையில தட்டுச்சு. "ம்மா, இடிக்குது"ன்னா. அவ தலைக்கு மேல மட்டும் அந்தப் பலகை குடம் கவுத்தாப்புல உள் வாங்கி ஏறுச்சு. அவ ஒரு எட்டு வச்சா, அந்தக் குடமும் ஒரு எட்டு வந்துச்சு. இன்னொரு எட்டு வச்சா, அதுவும் வந்துச்சு. தெருவே குத்த வச்சு உக்காந்து பாத்துக்கிட்டிருக்க, அந்தப் புள்ள மட்டும் நெட்டக்குத்தலா, முதுகு கோடு போட்ட மாதிரி, காபி சிந்தாம வீட்டச் சுத்தி நடந்து ஆளுக்கொரு டம்ளரு குடுத்தா.

சுபேதாரு படுத்த மேனிக்கே காபியக் குடிச்சு முடிச்சாரு. "புள்ள நடந்தா வீடு ஒசரமாத்தான் இருக்கு தங்கச்சி. வீட்டோட புள்ளையையும் சேத்தா எழுதிக் குடுப்பீக?"ன்னு கேட்டுட்டு, பயலுக ரெண்டு பேரையும் முன்னால விட்டு, பட்டாளத்துல முள்ளுக் கம்பிக்குக் கீழ போற மாதிரி முழங்கையாலயே ஊந்து வெளிய போயிட்டாரு.

செண்பகம் வெத்தலத் தட்டத் தரையில வச்சா. "எவன் கத்துனது?"ன்னு கேட்டா. தெருவே பூவலிங்கத்தப் பாத்துச்சு. அவரு வாயில துண்டு இருந்துச்சு, ஆனா யாரும் துண்டப் பாக்கல, முப்பது வருசமா அந்தச் சொல்லு அவரு சொல்லுதான. அவரு துண்ட எடுத்துட்டு என்னமோ சொல்ல வந்தாரு. அவ கேக்கல. மக பின்னாடி குத்த வச்ச மேனிக்கே நகந்து வந்து, அந்தக் குடத்துக்குக் கீழ எந்திரிச்சு நின்னா, மகளோட முதுகுல கைய வச்சா. மேல இருந்து கீழ வரைக்கும் தடவிப் பாத்தா. எங்கயும் வளையல.

"நட"ன்னா. "நிக்காத. வாசல் வரைக்கும் இப்படியே நட."

ரெண்டு பேரும் ஒட்டுனாப்புல நடந்து, படி ஏறி, ரோட்டுக்கு வந்துட்டாக. திரும்பி உள்ள போகல. வீடு விக்கல, விக்கப் போறதும் இல்ல, இடுப்பொசர வீட்ட எவன் வாங்குவான். ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ரெண்டு ரூம்பு வாடகை வீடு, சொந்த வீடு போயி வாடகைக்கு வந்தாச்சுன்னு செண்பகம் இப்பவும் பொரிஞ்சு தள்ளிக்கிட்டுத்தான் இருக்கா, ஆனா காத்தாடிக்குக் கீழ நிமிந்து நின்னு பொரிஞ்சு தள்ளுதா. பிரதீபா பஸ் ஸ்டாண்டுல நின்னா இப்ப ரெண்டு கடை தள்ளி இருந்தே தெரியுது. பூவலிங்கத்தோட செண்பகம் மூணு மாசம் பேசல. அவரும் திரும்பக் குனிஞ்சு நடக்க ஆரம்பிச்சுட்டாரு, மொதப் பந்தி திரும்பக் கெடச்சுருச்சு, ஆனா வீட்டுல அவருக்குச் சோறு மக கையிலதான்.

அவரு கத்தல. நான்தான் கத்துனேன். பழக்கதோசம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், அதுவும் பொய். அம்புட்டு சனமும் மூச்சப் புடிச்சுக்கிட்டு நிக்கதப் பாத்தேன், இப்ப அந்தச் சொல்லச் சொன்னா எப்படி இருக்கும்னு தோணுச்சு, சிரிப்பா இருக்கும்னு நெனச்சேன். ஒருத்தரும் சிரிக்கல. அவரு திட்டு வாங்குறப்ப பக்கத்துலதான் குத்த வச்சிருந்தேன், வாயத் தொறக்கல.